தண்டவாளம் எடுத்த பாதையில் அப்பாவை நடக்க வைக்கலாமா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். சிங்கப்பூரில் அக்கா வீட்டுக்குப் போனபோது, பழைய ரயில் பாதையை நடைபாதையாக மாற்றிய ரயில் காரிடாரில் நடந்திருக்கிறீர்கள். மேடு பள்ளமே தெரியாமல், ஊருக்கு நடுவில் காட்டுக்குள் நடந்த மாதிரி இருந்தது என்கிறீர்கள். 70 வயதைத் தாண்டிய, முட்டி வலி உள்ள அப்பாவையும் அப்படி ஒரு பாதையில் நடக்க வைக்க வேண்டும், பெங்களூரைச் சுற்றி எதாவது உண்டா, ஆபீஸ் நண்பர்கள் சொல்கிற சக்லேஷ்பூர் பாதைக்குக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பார்த்தால் இடம் விசாரிக்கிற கேள்விதான். ஆனால் சிங்கப்பூரில் உங்கள் காலுக்குக் கிடைத்த சுகம் எதனால் வந்தது, அது தண்டவாளம் உள்ள பாதையிலும் கிடைக்குமா என்பதற்குப் பதில் தெரிந்தால்தான் எந்த இடம் சரி, எது ஆகாது என்று நீங்களே முடிவு செய்ய முடியும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். அவசரமாக இருந்தால் இதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: சக்லேஷ்பூர் வேண்டாம். சிங்கப்பூர் மாதிரி முறையாக அமைத்த ஒன்று பெங்களூர் பக்கத்தில் இல்லை. ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வழி இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

நான் ரயில்வேயில் 34 வருஷம் இருப்புப்பாதைப் பிரிவில் இருந்தவன். இன்ஜினோ சிக்னலோ என் துறை இல்லை. மண், ஜல்லி, ஸ்லீப்பர் (தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கிற கட்டை), தண்டவாளம், வாய்க்கால், பாலம், இவைதான் என் உலகம். தண்டவாளத்தின் மேல் ஆட்கள் தள்ளுகிற புஷ் டிராலியில் உட்கார்ந்து பார்த்ததும் உண்டு, நடந்து பார்த்தது அதைவிட அதிகம். ரிட்டையர் ஆகி இப்போது ஜீவனஹள்ளியில் வாசம். வீட்டு மாடியிலிருந்து இன்னும் வண்டிச் சத்தம் கேட்கிறது, அதனால் தூக்கம் வருகிறது.

ரயில் பாதை சமமாக இருப்பதற்குக் காரணம் யாருடைய கருணையும் இல்லை, உராய்வுக் குறைவுதான். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தைத் தொடுகிற இடம் ஒரு சின்ன நாணயம் அளவுதான். உராய்வு குறைவு என்பதால் கொஞ்சம் இழுத்தாலே பெரிய பாரம் உருளும். அதே காரணத்தால் ஏற்றம் என்று வந்தால் சக்கரம் வழுக்கும். லாரி மூச்சிரைத்துக்கொண்டாவது ஏறிவிடுகிற மேட்டில் சரக்கு ரயில் நின்றுவிடும். அதனால் ரயில்வே என்ஜினியர் மலையைக் கண்டால் குடைந்தார், பள்ளத்தைக் கண்டால் நிரப்பினார், முடியாவிட்டால் சுற்றிப் போனார். சமவெளியில் 150 மீட்டர், 200 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏறுகிற மாதிரிதான் பாதை போடுவார்கள். சக்லேஷ்பூர் மலைப்பாதையே 50-க்கு 1தான். மும்பை - புனே வழியில் போர் காட் 37-க்கு 1. எங்கள் ஆட்களுக்கு அதுவே செங்குத்து. மேட்டுப்பாளையம் - ஊட்டி பாதையில் கல்லாறுக்கு மேலே 12-க்கு 1 என்று வரும்போது சாதாரணச் சக்கரத்தால் ஆகாமல், நடுவில் பல் வைத்த தண்டவாளம் போட வேண்டியதாயிற்று. இப்போது ஒன்றை ஒப்பிட்டுப் பாருங்கள்: ஆஸ்பத்திரியில் சக்கர நாற்காலிக்குக் கட்டும் சரிவும் சுமாராக 12-க்கு 1தான். அதாவது ரயில்காரனுக்கு ஏறவே முடியாத மலை, ஆஸ்பத்திரிக்காரனுக்கு ‘மெல்லிய சரிவு’. வளைவில் வண்டிக்கு இன்னும் கொஞ்சம் இழுவை கூடும் என்று அங்கே ஏற்றத்தை மேலும் தளர்த்தி வைப்போம். மனிதக் கால் நடப்பதற்காக யாரும் இவ்வளவு மெனக்கெட்டு மண்ணைச் சமன் செய்ததே கிடையாது. உங்கள் காலுக்கு சிங்கப்பூரில் கிடைத்தது இந்த உழைப்பின் மிச்சம்.

ஆனால் அந்த மிச்சம் தண்டவாளத்தையும் ஜல்லியையும் எடுத்த பிறகுதான் கைக்கு வரும். இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். தண்டவாளம் உள்ள பாதையில் நடப்பதைப் போல முட்டிக்குக் கொடுமை வேறில்லை. அகலப் பாதையான பிராட்கேஜில் கிலோமீட்டருக்கு 1,660 ஸ்லீப்பர் என்றால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் சுமார் 60 சென்டிமீட்டர். வளர்ந்த ஆளின் இயல்பான காலடி அதைவிட நீளம். ஒவ்வொரு கட்டையாக மிதித்தால் கால் சுருங்குகிறது. ஒன்று விட்டு ஒன்று தாண்டினால் தொடை கிழிகிறது. கட்டையை விட்டு இறங்கினால் ஜல்லி. அந்தக் கருங்கல் ஜல்லி ஒவ்வொன்றும் கைக்கு அடங்குகிற அளவு, 65 மில்லிமீட்டர் வரை. முனை கூராக உடைத்ததுதான் வேண்டும் என்று நாங்களே அடம்பிடித்து வாங்குவோம். கூழாங்கல் மாதிரி உருண்டையாக இருந்தால் ஒன்றையொன்று கவ்வாது, பாதை நகர்ந்துவிடும். பாதைக்கு நல்லது எதுவோ அதுதான் கணுக்காலுக்குக் கெட்டது. எங்கள் கீமேன்கள், அதாவது பாதையை நடந்தே சோதிக்கிற ஊழியர்கள், தினமும் தங்களுக்கு ஒதுக்கிய தூரத்தை நடந்து முடிப்பார்கள். போகும்போது ஒரு தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு போவார்கள், வரும்போது மற்றதை. தோளில் சுத்தியல், ஸ்பேனர். அவர்கள் நடை தனி: முழங்காலை நீட்டவே மாட்டார்கள், இடுப்பை லேசாகத் தாழ்த்தி, கட்டையின் ஓரத்தை முன்பாதத்தால் தொட்டுத் தொட்டுப் போவார்கள். கல்யாண மண்டபத்தில் சிமெண்டுத் தரையில் நடந்து வந்தாலும் கீமேனை நான் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன். ரிட்டையர் ஆகும்போது அவர்களில் முட்டி நன்றாக இருந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

இனி சக்லேஷ்பூர். உங்கள் நண்பர்கள் சொல்வது ஒரு காலத்தில் உண்மையாக இருந்த விஷயம்தான், அதனால் அவர்களைத் திட்டவும் முடியவில்லை. ஹாசன் - மங்களூர் மீட்டர்கேஜ் (தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர்) பாதை 1979ல் திறந்தது. சக்லேஷ்பூரிலிருந்து சுப்ரமண்யா ரோடு வரை சுமார் 55 கிலோமீட்டர் மலைப்பாதை, 57 குகை, நூற்றுக்கும் மேல் பாலம். பிராட்கேஜ் ஆக்குவதற்காக 1996ல் வண்டியை நிறுத்தினார்கள். மறுபடி சரக்கு வண்டி ஓடியது 2006ல், பயணிகள் வண்டி 2007 டிசம்பரில். நடுவில் பத்து வருஷம் அந்த மலையில் ரயில் இல்லை. அந்தப் பத்து வருஷம்தான் பெங்களூர்ப் பையன்கள் முதுகுப்பையோடு ராத்திரி பஸ் பிடித்து வந்து, தோணிகல்லிலிருந்து எடகுமேரி வரை நடந்தார்கள். யாரும் திட்டம் போடாமலே, பெங்களூருக்குக் கிட்டத்தில் ஒரு ரயில் நடைபாதை தானாக உண்டாகி, தானாகவே முடிந்தும் போனது. நான் அந்த வேலைக்காகச் சில மாதம் அங்கே இருந்தேன். சாயங்காலம் எங்கள் கொட்டகைக்கு வந்து தண்ணீர் கேட்பார்கள், காலிலிருந்து அட்டையைப் பிடுங்கிக்கொண்டே “அடுத்த குகை எவ்வளவு நீளம் சார்?” என்பார்கள். எங்கள் சமையல்காரர், சேலத்துக்காரர், உப்பு டப்பாவை எடுத்து நீட்டுவார். அட்டைக்கு உப்பு, ஆளுக்குக் காப்பி.

அந்தப் பாதையில் இன்று இரவும் பகலும் வண்டி ஓடுகிறது. பழைய நினைப்பும் இன்டர்நெட் படங்களும்தான் இன்னும் ஆட்களை அங்கே இழுக்கின்றன. ரயில்வே சட்டம் 1989, பிரிவு 147ன்படி அனுமதியில்லாமல் பாதையில் நுழைந்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டத்தை விடுங்கள். மலைப்பாதையில் இறங்கி வருகிற வண்டி, இன்ஜின் இழுக்காமல் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வரும், அவ்வளவாகச் சத்தம் இருக்காது. வளைவுக்கு அந்தப் பக்கம் இருந்தால் மலை சத்தத்தை மறைத்துவிடும். மழை பெய்தால் கேட்கவே வேண்டாம், ஓடைச் சத்தமும் வண்டிச் சத்தமும் ஒன்றுதான். நானே ஒருமுறை பழகின இடத்தில், கையில் கொடியோடு நின்றுகொண்டு, வண்டி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரியாமல் திகைத்திருக்கிறேன். இரும்புப் பாலங்களில் கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் கீழே பள்ளத்தாக்கு நேராகத் தெரியும். ஒதுங்கி நிற்க அங்கங்கே மட்டுமே இடம். குகைக்குள்ளும் சுவரில் குடைந்த ஒதுங்கிடம் இடைவெளி விட்டுத்தான் இருக்கும். முட்டி வலிக்காரர் இருட்டில் ஓடிப்போய் அதற்குள் நுழைய முடியுமா? அந்த மலையை அப்பாவுக்குக் காட்ட ஆசையென்றால் பகல் வண்டியில் ஜன்னலோர டிக்கெட் போடுங்கள். மழைக்காலத்தில் மண்சரிவால் வண்டி ரத்தாவது உண்டு. 2018 ஆகஸ்டில் அந்தப் பாதை பல இடங்களில் சரிந்து நாள்கணக்கில் கிடந்தது. அதனால் செப்டம்பர் கடைசிக்கு மேல் போவது நல்லது.

“வெள்ளைக்காரன் நாட்டிலெல்லாம் இருக்கிறதே, நம்மிடம் ஏன் இல்லை?” என்று ஒரு வரி சேர்த்திருந்தீர்கள். இதற்கு எனக்குத் தெரிந்த காரணம் எளிது: அவர்கள் பாதைகளை மூடினார்கள், நாம் மாற்றினோம். இங்கிலாந்தில் ரயில்வே தலைவர் பீச்சிங் 1963ல் கொடுத்த அறிக்கை 2,363 ஸ்டேஷன்களை மூடச் சொன்னது. கார் வந்ததும் கிளைப்பாதைகளில் ஆள் ஏறவில்லை, ஆயிரக்கணக்கான மைல் மண் சும்மா கிடந்தது. நியூஸிலாந்தில் ஓட்டாகோ பாதை 150 கிலோமீட்டர். அதில் தண்டவாளத்தை எடுத்துவிட்டு 2000ல் நடைக்கும் சைக்கிளுக்கும் திறந்தார்கள். அமெரிக்காவில் 1983ல் ஒரு சட்டத் திருத்தம் செய்தார்கள், எனக்கு ரொம்பப் பிடித்தது அது. ஓட்டம் நின்ற பாதையைத் துண்டு துண்டாக விற்காமல், நாளைக்கு ரயில் தேவைப்பட்டால் திருப்பித் தர வேண்டும் என்ற ஒப்பந்தத்தில் நடைபாதைக்குக் கொடுத்து வைக்கிறார்கள். நிலத்தை நடப்பவர்களிடம் அடகு வைத்த மாதிரி. நம் ஊரில், எல்லாப் பாதையையும் ஒரே அகலமாக்க 1992ல் தொடங்கிய யூனிகேஜ் திட்டத்தில் மீட்டர்கேஜ், அதைவிடக் குறுகிய நாரோகேஜ் பாதைகளில் பெரும்பாலானவை அதே மண்மேல் பிராட்கேஜாக மாறிவிட்டன. கேஜ் மாற்றத்தில் கூர்மையான வளைவுகளை நேராக்கும்போது பழைய வளைவு தனியாக ஒதுங்கிவிடும். இப்படி விட்டுப்போன வெறும் மண் துண்டுகளில் வேலி ஓரமாக மாடு மேய்வதைப் பல இடங்களில் பார்க்கலாம். அரை கிலோமீட்டர், ஒரு கிலோமீட்டர், அவ்வளவுதான். ரயில் பாதையின் மதிப்பே அறுபடாமல் போவதில் இருக்கிறது. நடுவில் நாலு வீடு வந்துவிட்டால் மீதி வெறும் மனைக்கட்டு.

சிங்கப்பூருக்கு வாய்த்தது இந்த அறுபடாமைதான். 24 கிலோமீட்டர் பாதை, தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை, மலேசிய ரயில்வே கையில் இருந்த நிலம். 2011 ஜூன் 30 ராத்திரி கடைசி வண்டியை ஜோகூர் சுல்தானே ஓட்டிக்கொண்டு போனார். மறுநாள் முழு நிலமும் ஒரே கையில். என் மருமகன் அங்கே வேலை பார்ப்பதால் நானும் ஒரு மாதம் இருந்தேன். மற்றவர்கள் மரத்தைப் பார்த்தார்கள், நான் தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். புக்கித் தீமா ஸ்டேஷனில் கொஞ்சம் தண்டவாளத்தை விட்டுவைத்திருக்கிறார்கள். எனக்கு அங்கே கால் நகரவில்லை. அது பெரும்பாலும் எதிரெதிர் வண்டிகள் விலகிக்கொள்வதற்கான ஸ்டேஷன். ஒற்றைப் பாதையில், அடுத்த ஸ்டேஷன் வரை பாதை உனக்கு மட்டும் என்பதற்கு அடையாளமான டோக்கன் கையில் இல்லாமல் டிரைவர் நகரக்கூடாது. கடைசி நாள் வரை அங்கே டோக்கனை கைமாற்றித்தான் வண்டி ஓட்டினார்கள். நம் பக்கத்திலும் அதே முறைதான், இரும்புப் பந்தைத் தோல் பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் கட்டி, ஓடுகிற வண்டிக்கு நீட்டுவார்கள். தவறினால் மணிக்கட்டு போச்சு. குவீன்ஸ்வே பக்கத்தில் 1932ல், ரயில்வேயில் வேலை பார்த்த நம் ஆட்கள் தண்டவாளத்தை ஒட்டி வைத்துக் கும்பிட்ட முனீஸ்வரன்தான் இன்று காமன்வெல்த் டிரைவில் பெரிய கோயிலாக இருக்கிறார். அடுத்த முறை போனால் அக்காவைக் கூட்டிக்கொண்டு பாருங்கள். அந்த ரயில் பாதைக்கு மண் சுமந்தவர்கள், ஜல்லி இடித்தவர்கள் யார் என்று அங்கே புரியும். அப்பாவையே கூட்டிப் போவதாக இருந்தால், புக்கித் தீமா ஸ்டேஷனிலிருந்து ஹில்வியூ வரை சுமார் 4 கிலோமீட்டர், அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். இரண்டு முனையிலும் எம்.ஆர்.டி. (மெட்ரோ ரயில்) ஸ்டேஷன் கிட்டத்தில் இருக்கிறது, திரும்பி நடக்க வேண்டியதில்லை.

திரும்பி நடப்பது என்றதும் ஞாபகம் வருகிறது. சமமான பாதை ஏமாற்றும். மலை ஏறினால் மூச்சு வாங்கும், நாமே நின்றுவிடுவோம். ரயில் பாதையில் உடம்பு எதுவும் சொல்லாது. நாலு கிலோமீட்டர் போன பிறகுதான், இதையே திரும்பவும் நடக்க வேண்டுமே என்று தோன்றும். குறுக்கு வழியும் கிடையாது. மேட்டை வெட்டிப் பாதை போட்ட கட்டிங்கில் இரண்டு பக்கமும் சுவர், மண் கொட்டி உயர்த்திய கரையில் இரண்டு பக்கமும் பள்ளம். இன்னொன்று, 100-க்கு 1 ஏற்றம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது, ஆனால் 5 கிலோமீட்டரில் 50 மீட்டர் ஏறியிருப்பீர்கள். பதினைந்து மாடி. அதனால் முட்டி வலிக்காரர்கள் போகும்போது ஏறி, களைத்த பிறகு இறங்குகிற மாதிரி தொடங்க வேண்டும். எந்தப் பக்கம் ஏற்றம் என்று தெரிய கருவி வேண்டாம், பக்கவாட்டு வாய்க்காலைப் பாருங்கள். தண்ணீர் வருகிற திசைதான் ஏற்றம். காய்ந்திருந்தால் சருகு எந்தப் பக்கம் ஒதுங்கிக் கிடக்கிறது என்று பாருங்கள். பழைய பாதைகளில் கிரேடியன்ட் போஸ்ட் என்று இரண்டு கை உள்ள குட்டைக் கம்பம் நிற்கும். கை மேலே சாய்ந்திருந்தால் ஏற்றம், கீழே சாய்ந்திருந்தால் இறக்கம், கையிலேயே எண் எழுதியிருக்கும். என் மருமகனுக்கு இதைச் சொன்ன பிறகு அவர் எங்கே போனாலும் கம்பம் தேட ஆரம்பித்துவிட்டார், என் மகள் என்னைத் திட்டுகிறாள்.

‘காட்டுக்குள் நடந்த மாதிரி’ என்று எழுதியிருந்தீர்களே, அதற்கும் மண் வேலைதான் காரணம். ஒரே பாதையில் கட்டிங், கரை, மறுபடி கட்டிங் என்று மாறி மாறி வரும். தோண்டிய மண்ணையே பள்ளத்துக்கு நிரப்புவதால் அப்படி. கட்டிங்கில் வெயில் குறைவு, சுவரில் கசிவு, அதனால் பாசி, பெரணி. நூறு மீட்டர் தள்ளி கரைமேல் ஏறினால் காய்ந்த புல், ஆவாரை, எருக்கு. கரைக்கு மண் போதாதபோது பக்கத்திலேயே தோண்டி எடுத்த குழிகள் பாதை நெடுக இருக்கும், மழையில் நிறைந்து குட்டைகளாகிவிடும். அல்லியும் கொக்கும் அங்கேதான். ரயிலில் போகும்போது இவ்வளவு கொக்கு எங்கிருந்து வருகிறது என்று யோசித்திருப்பீர்கள், பாதி எங்கள் முன்னோர் தோண்டிய குழியிலிருந்து. செடிகளும் ரயிலேறிப் போகும். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு தாவரத் தோட்டத்திலிருந்து தப்பிய ஒரு மஞ்சள் பூச்செடி, எரிமலைச் சாம்பல் மண்ணில் பிறந்த ஜாதி. அதற்கு ஜல்லியும் கரித்தூளும் சொந்த ஊர் மாதிரி ஆகி, தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டே நாடு முழுக்கப் பரவிவிட்டது. நம் பக்கத்தில் ஓட்டம் நின்ற பாதையில் முதலில் கெடுவது வாய்க்கால். பாதையைப் பராமரிக்கிற கேங்மேன்கள் வாய்க்காலைத் தூர் வாருவதை நிறுத்திய முதல் மழையில் கட்டிங் குளமாகிவிடும். இரண்டாம் வருஷம் உன்னிச்செடி மூடும், சமவெளியென்றால் சீமைக்கருவேல். யாரும் தொடாமல் விட்டால் அழகிய காடு வரும் என்று நினைக்கிறவர்கள் ஒரு மழைக்காலம் வந்து பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் நீங்கள் பார்த்த காட்டுக்கு அடியில் ஒழுங்காக ஓடுகிற வாய்க்கால் இருக்கிறது.

உண்மையாகவே மூடிப்போன பாதைகள் தெற்கே சில உண்டு. மூணாறிலிருந்து மாட்டுப்பெட்டி வழியாக டாப் ஸ்டேஷன் வரை போன குண்டளை வேலி ரயில்வே: 1902ல் ஒற்றைத் தண்டவாளத்தில் தொடங்கி, 1908ல் இரண்டடி நாரோகேஜ் ஆகி, 1924 வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போய்விட்டது. திரும்பக் கட்டவில்லை. டாப் ஸ்டேஷன் என்ற பெயரே அந்த ரயில் விட்டுப்போனதுதான். அங்கிருந்து தேயிலைப் பெட்டி கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு கோட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூர் வந்தது. இப்போது மூணாறு - டாப் ஸ்டேஷன் ரோடு பல இடங்களில் பழைய ரயில் தடத்தோடு சேர்ந்தே போகிறது. காரில் போகும்போது ரோடு அநியாயத்துக்குச் சமமாக, மலை மடிப்பையெல்லாம் பொறுமையாகச் சுற்றிக்கொண்டு போனால், அது ரயில்காரன் கணக்கு என்று சந்தேகப்படலாம். சந்தேகம்தான், ஒவ்வொரு வளைவுக்கும் நான் உத்தரவாதம் தர மாட்டேன். பரம்பிக்குளம் காட்டிலிருந்து சாலக்குடிக்குத் தேக்கு இறக்கிய கொச்சி வன டிராம்வே 1907லிருந்து 1963 வரை ஓடியது. அது இப்போது புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் வனத்துறை சொல்கிற வழியில்தான் நடக்க முடியும். தனுஷ்கோடி உங்களுக்கே தெரியும், 1964 டிசம்பர் புயல். மணலும் வெயிலும்தான் அங்கே, முட்டிக்கு மணல் ஆகாது.

முட்டியைப் பற்றி நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். நான் டாக்டர் இல்லை. செங்குத்தான இறக்கத்தில் முட்டிக்குப் பாரம் கூடும், சமத்தில் குறையும் என்பது என் உடம்பில் அனுபவித்தது; கல்தூள் போட்டு அமுக்கிய தரை சிமெண்டைவிட இதம் என்பதும் அப்படித்தான். உங்கள் அப்பாவின் முட்டிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதை அவருடைய டாக்டரிடம் கேளுங்கள். இன்னொரு சந்தேகம் சிலருக்கு உண்டு: பழைய கட்டைகளில் தார் எண்ணெய் ஏற்றியிருப்பார்கள், பாதை ஓரம் களைக்கொல்லி அடித்திருப்பார்கள், மண் கெட்டிருக்காதா என்று. ஏற்றியதும் அடித்ததும் உண்மை. நடந்து போகிறவருக்கு அதனால் பெரிய பயமில்லை என்பது என் எண்ணம், ஆய்வு செய்து சொல்வதில்லை. பழைய ஸ்லீப்பர் கட்டையை வாங்கி வீட்டில் பெஞ்சு செய்யவோ அடுப்பெரிக்கவோ மட்டும் வேண்டாம்.

இனி உங்கள் ஞாயிற்றுக்கிழமை. சமமான நடைதான் வேண்டுமென்றால் ரயில்காரர்களுக்கு அடுத்து ஏரி வெட்டியவர்களை நம்பலாம். தண்ணீர் மட்டத்துக்குக் கட்டிய கரை தானாகச் சமமாக இருக்கும். ஜக்கூர் ஏரியைச் சுற்றி நல்ல நடைபாதை இருக்கிறது, நடுநடுவே உட்காரலாம், பறவையும் உண்டு. ரயில் வாசனையும் வேண்டுமென்றால், எலஹங்கா வழியாக சிக்கபள்ளாபூர் போகிற வண்டியில் ஏறி நந்தி ஹால்ட்டில் இறங்குங்கள். 762 மில்லிமீட்டர் நாரோகேஜாக இருந்து பிராட்கேஜ் ஆன பாதை அது. ஓடு போட்ட பழைய ஸ்டேஷன் கட்டிடம், பெரிய மரங்கள், எதிரே நந்தி மலை. பாதையில் இறங்காதீர்கள். பிளாட்பாரத்திலும், பக்கத்து மண்ரோட்டிலும் நடந்தாலே அப்பாவுக்கு ஒரு மணி நேரம் போகும். ஸ்டேஷன் கட்டிடம் எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று கவனிக்கச் சொல்லுங்கள். அந்த ரயிலும் அந்த அளவுக்குத்தான் இருந்தது. வண்டிகள் குறைவு, நேரமும் அவ்வப்போது மாறும், அதனால் திரும்பி வருகிற வண்டியின் நேரத்தை முதலில் பார்த்துவிட்டுப் பிறகு போகிற வண்டியைத் தேர்ந்தெடுங்கள். சாப்பாட்டுக்கு அங்கே கடை கண்ணியை நம்ப வேண்டாம், நாலு இட்லியும் ஒரு பிளாஸ்க் காப்பியும் வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு போங்கள்.